மஞ்சப்பைக்குள் 14 அட்டை

அப்பாருக்கு 77 வயது. சர்க்கரை, பிரஷர், முட்டித் தேய்மானம், போதாததற்குக் கிட்னியும் மந்தம்; அதைக் காட்டும் கிரியாட்டினின் 1.8. சர்க்கரைக்குக் காங்கேயத்தில் ஒரு டாக்டர், இதயத்துக்குக் கோயமுத்தூர், முட்டிக்கு ஈரோடு. எட்டு மாதத்தில் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். ஒவ்வொரு முறையும் நன்றாகப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் வீட்டுக்கு வரும்போது இரண்டு மாத்திரை கூடியிருக்கும்.

மூன்றாவது தடவை, தை மாசம். விடியக் காலையில் தோட்டத்து வீடான சாளையிலிருந்து அம்மா போன் செய்தார். "அப்பாரு என்னமோ பொலம்பறாரு கண்ணு. மாடு அவுத்துக்கிச்சுன்னு கட்டுத்தறிக்கு எந்திரிச்சு எந்திரிச்சுப் போறாரு." மாட்டை விற்று நாலு வருசமாகிறது. பக்கவாதம்தான் என்று நினைத்துக்கொண்டே திருப்பூரிலிருந்து வண்டியை எடுத்தேன். ரத்தம் எடுத்துப் பார்த்தால், 135க்கு மேல் இருக்க வேண்டிய சோடியம் என்கிற உப்பு 116. அது இவ்வளவு இறங்கினாலும் இப்படிப் பொலம்புவார்களாம்.

டியூட்டியில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. "சீட்டு வேண்டாங்க, வீட்ல இருக்கற மாத்திரை அத்தனையும் கொண்டாங்க" என்றார். அம்மா மஞ்சப்பையோடு வந்தார். கட்டில் விரிப்பில் கொட்டினால் 14 அட்டை. டாக்டரம்மா ஒவ்வொன்றையும் திருப்பி, பின்னாலிருக்கும் பொடி எழுத்தைப் படித்தார். "இதுலயும் அம்லோடிபின், இதுலயும் அம்லோடிபின்."

அம்லோடிபின் என்பது பிரஷர் மருந்து. ஒன்று, மக்களைத் தேடி மருத்துவம் அக்கா மாசாமாசம் வீட்டுக்கே கொண்டுவந்து தருவது. மற்றொன்று கோயமுத்தூரில் எழுதிய கூட்டு மாத்திரைக்குள் இருந்தது. அதை அந்த அக்காவிடம் நாங்கள் காட்டவே இல்லை, தப்பு எங்கள் மேல்தான். அம்லோடிபின் கூடினால் கால் வீங்குமாம். வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுத்தார்கள், அது சோடியத்தை இறக்கிவிட்டது.

அப்புறம் பழைய கதைகளும் வெளியே வந்தன. முதல் தடவை ராத்திரி வேர்த்து மயங்கி விழுந்தது, கிட்னி வேகம் குறைந்து சர்க்கரை மாத்திரை உடம்பிலேயே தங்கி, சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டதால். மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 8க்குள் இருந்தால் இவருக்குப் போதும் என்று டாக்டரம்மா அந்த டோஸைக் குறைத்தார். இரண்டாவது தடவை கிரியாட்டினின் ஏறியதற்கு, மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோபினாக் என்கிற வலி மாத்திரை காரணமாக இருக்கும் என்றார். முட்டிவலிக்கு இவர் தினம் இரண்டு போட்டிருக்கிறார், எங்களுக்கே தெரியாது.

14 அட்டை 9 ஆனது. அப்பாருக்குத்தான் ஆத்திரம். "மாத்திரையக் குறைச்சுப்போட்டாங்க, வைத்தியம் பத்தாது" என்று ஒரு வாரம் முனகினார். இப்போது பழைய பால் கணக்கு நோட்டில் தினம் காலையில் எடையை அவரே எழுதுகிறார். திடீரென்று இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தமாம், போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

போன வாரம் ஈரோடு போனோம். டாக்டர் புதுசாக ஒரு மாத்திரை எழுத ஆரம்பித்ததும், அப்பாரு மஞ்சப்பையை மேசை மேல் வைத்தார். "ஏனுங்க, இதுல எதை நிறுத்திப்போட்டு அதைப் போடட்டுங்க?"