கடைசி ஒன்பது இலக்கம் போதும்

எங்கள் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்கு வலைத்தளம் போட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. பள்ளி புதுச்சேரியில், நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில், புரோகிராமிங் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் “நீதானேப்பா எப்பவும் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கே” என்று பொருளாளர் அண்ணன் என் தலையில் கட்டிவிட்டார். ஆரம்பத்தில் யார் பெயர் கொடுத்தாலும் உறுப்பினராகச் சேரும்படி விட்டிருந்தோம். மூன்றாவது வாரமே மனை விற்கிற ஒருவர் உள்ளே நுழைந்து, பட்டியலில் இருந்த அத்தனை எண்ணுக்கும் பிளாட் விலை அனுப்பிவிட்டார். அப்புறம்தான் வருகிறவர் நிஜமாகவே நம் ஆள்தானா என்று பார்க்க வேண்டும் என்ற பேச்சே வந்தது.

கையில் இருந்தது பழைய பேரேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்த ஒரு கூகுள் ஷீட்: பெயர், படிப்பை முடித்த வருடம், போன் எண், ஊர். புரோகிராம் எழுதாமலே ஒரு செயலியை இன்னொன்றோடு இணைக்கிற கருவிகளில் ஸாப்பியரையும் மேக்கையும் (Make, 2022 வரை இன்டெக்ரோமேட் என்று இருந்ததுதான்) பார்த்தேன். ஸாப்பியரில் வெப்ஹூக் (படிவம் வந்த உடனேயே விவரத்தை வாங்கிக்கொள்கிற ஒரு இணைய முகவரி) வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும், மேக்கில் இலவசக் கணக்கிலேயே கிடைக்கிறது, சரி மேக் என்று முடிவு செய்தேன். வெப்ஹூக் இல்லாவிட்டால் இலவசக் கணக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஷீட்டை எட்டிப் பார்க்கும். அதற்குள் நம் ஆட்கள் பொறுமை இழந்து பட்டனை நாலு முறை அமுக்கியிருப்பார்கள்.

படிவத்தை அனுப்பியதும் விவரம் வெப்ஹூக்குக்குப் போகும், மேக் அதை ஷீட்டில் தேடும், கிடைத்தால் ஒரு வழி, கிடைக்காவிட்டால் இன்னொரு வழி. இதைக் கட்ட அரை நாள் ஆனது. ஒழுங்காக ஓடவைக்க இரண்டு மாதம்.

பெயரை வைத்துத் தேடியது முதல் முட்டாள்தனம். பேரேட்டில் இனிஷியல் முன்னால், படிவத்தில் பின்னால், சிலருக்குப் புள்ளி உண்டு, சிலருக்கு இல்லை, கல்யாணமான அக்காக்களுக்கு இனிஷியலே மாறியிருக்கிறது. முதல் நாள் வந்த பன்னிரண்டு பேரில் இரண்டு பேர்தான் தேறினார்கள். அவர்களில் ஒருவன் நான்.

சரி, போன் எண். அதிலும் ஒருவர் 91 சேர்ப்பார், ஒருவர் முன்னால் பூஜ்யம் போடுவார், ஒருவர் நடுவில் இடைவெளி விடுவார். ஷீட்டில் கூட்டல் குறியோடு அடித்தால் அது கணக்கு என்று நினைத்துக்கொண்டு பிழை காட்டும், அதனால் அந்தப் பத்தியையே ‘வெறும் எழுத்து’ வடிவத்துக்கு மாற்றினேன். பிறகு இலக்கம் அல்லாததையெல்லாம் தூக்கிவிட்டு கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் ஒப்பிடச் சொன்னேன். வேறு ஊராக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். இது புதுச்சேரி, சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்கள்) குடும்பங்களில் பாதிப் பேர் பிரான்சில். அங்கே உள்ளூரில் எழுதும்போது எண்ணுக்கு முன்னால் 0 சேர்த்துப் பத்து இலக்கம், நாம் இங்கிருந்து கூப்பிட்டால் அந்த 0 போய் 33 வரும், மீதி ஒன்பது. பேரேட்டில் 33 போட்டு எழுதியிருப்பவர் படிவத்தில் 0 போட்டால் கடைசிப் பத்து ஒத்துப்போகாது. கடைசி ஒன்பது ஒத்துப்போகும்! நம் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 இல்தான் தொடங்குகின்றன என்பதால் அந்த முதல் இலக்கத்தை விட்டாலும் பெரிய நஷ்டமில்லை, தற்செயலாக இரண்டு பேர் இடித்துக்கொண்டால் பார்க்க, முடித்த வருடமும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்று வைத்துவிட்டேன். இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நடுவில் செயற்குழுவில் ஒருவர் பின்கோடை வைத்தே வெளியாட்களை வடிகட்டலாமே என்றார், 605 என்றால் புதுச்சேரி, அவ்வளவுதானே? அவ்வளவு இல்லை. விழுப்புரம் 605602, ஆரோவில் 605101, இரண்டும் தமிழ்நாடு. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்ப் பக்கம் 607 இல் வருகிறது, என் கடலூர் மாதிரியே. காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் ஆந்திரக் கணக்கில் 533464. தபால்காரர் போகிற வழியை வைத்துப் போட்ட எண்ணை எல்லைக் கோடாக்கினால் பாகூர்க்காரர் வெளியே நிற்பார், விழுப்புரம் மனை வியாபாரி உள்ளே வருவார். இன்னொருவர் ஆதார் எண் கேட்கலாம் என்றார். அதை வாங்கி எங்கே வைப்பது, என் ஜிமெயில் கணக்கிலா? முடியாது என்று சொல்லிவிட்டேன். எஸ்எம்எஸ் ஓடிபியும் எங்களுக்குச் சரிவரவில்லை, நம் நாட்டில் அதற்கு முதலில் டிஎல்டியில் (மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்கான பதிவேடு) நிறுவனமாகப் பதிவு செய்து வாசகத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பதிலாக, பதிவு செய்கிறவர் சங்கத்தின் வாட்ஸப் எண்ணுக்கு ஒரு ‘வணக்கம்’ அனுப்ப வேண்டும். எண் அவருடையதுதான் என்பதற்கு அது போதும்.

நான் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. எண் பொருந்தியதும் திரையில் பெயரைப் போட்டு வரவேற்கிற மாதிரி வைத்திருந்தேன், பார்க்க அழகாக இருக்கும் என்று. யாருடைய எண்ணை அடித்தாலும் அவர் பெயரைச் சொல்லிவிடும் என்று பத்து நாள் கழித்து என் தங்கைதான் காட்டினாள். எனக்கு வேர்த்துவிட்டது. இப்போது பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் ஒரே வாசகம்: “விவரம் கிடைத்தது, தகவல் வரும்.”

பொருந்தியவர் வரிசை ஷீட்டில் பச்சையாகும், மற்றது மஞ்சள். சிவப்பு என்று ஒன்று வைக்கவே இல்லை. ஆம் சொல்கிற வேலையை மட்டும் இயந்திரத்திடம் கொடுத்திருக்கிறேன், இல்லை என்று சொல்வதானால் ஒரு மனிதர் போனில் பேசிவிட்டுச் சொல்லட்டும். மஞ்சளில் பாதி, பேரேட்டில் 0413 போட்ட ஆறு இலக்க வீட்டு போன் எண்ணோடு இருக்கிற பழையவர்கள். ஞாயிறு சாயங்காலம் பொருளாளர் அண்ணன் அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். போன வாரம் 1981 இல் முடித்த ஒருவரிடம் நாற்பது நிமிடம் பேசினார், கணக்கு வாத்தியார், மதில் ஏறிக் குதித்தது, எல்லாம் வந்தது. பேசி முடித்துவிட்டுப் பச்சையாக்க மறந்துவிட்டார். அந்த வரிசை இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது.