மட்டமும் வாட்டமும்: பின்முற்றத்துக் குறிப்புகள்

1 பிப்ரவரி 2025, சனி

முத்தியால்பேட்டை வீட்டின் பின்புறத்தில், தாழ்வாரத்தை ஒட்டியிருந்த பழைய சிமென்ட் தரையை இன்று முழுவதுமாகப் பெயர்த்து எடுத்துவிட்டோம். சென்ற நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இரவில், தோட்டத்துத் தண்ணீர் தாழ்வாரம் ஏறிச் சமையலறைக்குள் வந்ததற்கு மழையின் மிகுதி மட்டும் காரணமன்று. அந்தத் தரையே வீட்டை நோக்கிச் சாய்ந்திருந்தது. அதைப் போட்டுத் தந்த ஒப்பந்தக்காரர் கண்ணாலேயே மட்டம் பார்த்தவர். அம்மா மாலையில் நாற்காலி போட்டு அமர்ந்து கீரை ஆயும்படி ஆடாத தரையாகவும், பெய்யும் தண்ணீர் வீட்டுப் பக்கம் திரும்பாத தரையாகவும் இம்முறை அமைய வேண்டும் என்பதே என் விருப்பம்.

2 பிப்ரவரி, ஞாயிறு

கல்லை வெட்டாமல் பதிக்க வேண்டுமானால் முற்றத்தின் அளவைக் கல்தான் முடிவு செய்ய வேண்டும். 60 செ.மீ. சதுரக் கடப்பா கல், நடுவில் 1 செ.மீ. இணைப்பு என்று கணக்கிட்டு, நீளத்தில் 7, அகலத்தில் 5, ஆக 35 கற்கள் என்று வைத்தோம். அதன்படி முற்றம் 426 செ.மீ. நீளமும் 304 செ.மீ. அகலமும் ஆகிறது.

முளை அடித்து நூல் கட்டினோம். வீட்டுச் சுவரோரம் 3 அடி, வெளிப்பக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி என்பது கொத்தனார்கள் அன்றாடம் கையாளும் கணக்கு. ஆனால் சிறிய அளவில் விட்ட பிழை நீண்ட நூலில் வளர்ந்துவிடும். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தபோது ஒன்று 525, மற்றொன்று 521 என்று வந்தது. இரண்டும் 523 ஆக வேண்டும். எதிர்ப்பக்கத்து முளைகள் இரண்டையும் இரண்டரை செ.மீ. பக்கவாட்டில் நகர்த்திய பிறகே அளவுகள் ஒத்துவந்தன.

8 பிப்ரவரி, சனி

இன்று முழுவதும் மட்டம் பார்ப்பதிலேயே கழிந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. முற்றம் சமமாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னதற்குக் கொத்தனார், "மட்டமா போட்டா தண்ணி அங்கேயே நிக்கும் தம்பி, வாட்டம் குடுத்தாத்தான் ஓடும்" என்றார். 60 செ.மீ.க்கு 1 செ.மீ. வீதம் இறக்கினால் 304 செ.மீ. அகலத்துக்கு 5 செ.மீ. வாட்டம் கிடைக்கும். நாற்காலியில் அமர்பவருக்கு அது தெரியாது. தண்ணீருக்கு நன்றாகத் தெரியும்.

தாழ்வாரத் தரையிலிருந்து 15 செ.மீ. கீழே முற்றத்தின் மேல்மட்டத்தைக் குறித்து, தண்ணீர்க் குழாயால் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்; இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும்) அதை எல்லா முளைகளுக்கும் கடத்தினோம். ஒரு முளை மட்டும் 2 செ.மீ. ஏறி நின்றது. குழாயைத் தரையோடு தடவிப் பார்த்தேன். நடுவில் நகத்தளவு காற்றுக்குமிழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கொத்தனார் குழாயை உயர்த்தித் தட்டி அதை வெளியேற்றியதும் முளைகள் அனைத்தும் ஒரே மட்டத்துக்கு வந்தன. அதன் பிறகுதான் வீட்டுக்கு எதிர்ப்பக்கமான வாழைப்பாத்தி ஓரத்து முளைகளில் 5 செ.மீ. கீழே அடுத்த கோடு போட்டோம்.

9 பிப்ரவரி, ஞாயிறு

கல் 4, கலவை 4, ஜல்லி 10, ஆக மேல்மட்டத்திலிருந்து 18 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டினோம். அடிமண்ணையும் அதே வாட்டத்தில் சீவினோம். மேலே கலவையைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வது பின்னாளில் கல் இறங்குவதற்கு வழிவகுக்கும். அரை யூனிட், அதாவது 50 கன அடி, 40 மி.மீ. ஜல்லி போதுமானதாயிற்று. தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தோம்.

12 பிப்ரவரி, புதன்

கல் பதிப்பு. ஒரு கல் ஏறக்குறைய 40 கிலோ இருக்கும் என்பதால் இருவர் தூக்கினால்தான் பதமாக இறக்க முடிகிறது. ஒன்றுக்கு ஆறு (ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல்) கலவையைக் கல்லின் பரப்பு முழுவதற்கும் விரித்து, கல்லின் அடியில் சிமென்ட் பால் தடவி வைத்தோம். ஐந்து இடத்தில் உருண்டையாகக் கலவை வைத்து மேலே கல்லை அமர்த்தும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படி வைத்த கல் நாளடைவில் ஆடும், விரிசல் விடும்.

குமிழைக் கொண்டு மட்டம் காட்டும் ரசமட்டத்தின் தாழ்ந்த முனையில் 1 செ.மீ. மரச்சில்லு ஒன்றைக் கட்டிக்கொண்டார் கொத்தனார். 60 செ.மீ. நீளமுள்ள அந்த ரசமட்டத்தைக் கல்லின் மேல் வைத்தால், குமிழ் நடுவில் நிற்கும்போது வாட்டம் சரி. கணக்கு போடாமலே ஒவ்வொரு கல்லையும் அது காட்டிக்கொடுத்தது. மரச்சுத்தியால் தட்டும்போது பொள்ளென்று ஒலித்த இரண்டு கற்களைத் தயங்காமல் பெயர்த்து மீண்டும் பதித்தோம்.

15 பிப்ரவரி, சனி

இணைப்புகளை ஒன்றுக்கு மூன்று கலவையால் அடைத்தாயிற்று. ஈரச்சாக்கு போர்த்தினோம். ஒரு வாரம் காலையும் மாலையும் நனைக்க வேண்டும்.

23 பிப்ரவரி, ஞாயிறு

சாக்குகளை அகற்றி, தாழ்வார ஓரத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். கல் பரப்பில் மெல்லிய படலமாக விரிந்து, சற்றுத் தயங்கி, பிறகு முழுவதும் வாழைப்பாத்தியை நோக்கி நகர்ந்தது. வீட்டுப் பக்கம் ஒரு துளியும் திரும்பவில்லை. நான்காம் வரிசையில் மூன்றாவது கல்லின் மூலையில் மட்டும் உள்ளங்கையளவு நீர் தங்கியது. அதற்குச் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டிருக்கிறேன். நாளை காலை கொத்தனார் வந்து அந்த ஒரு கல்லை எடுத்து மறுபடி பதிக்கிறார்.