டெயின்ட்ரீயில் ஓர் இரவாவது தங்குங்கள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கெய்ர்ன்ஸ் நகரிலிருந்து வடக்கே கேப் டிரிபுலேஷன் என்ற கடல்முனை வரை ஏறத்தாழ 140 கிலோமீட்டர். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். பெரும்பாலோர் அப்படித்தான் போய்வருகிறார்கள். நான் வேண்டாம் என்பேன். டெயின்ட்ரீ ஆற்றைக் கடந்து வடகரையில் ஓர் இரவாவது தங்கினால்தான் டெயின்ட்ரீ மழைக்காட்டைப் பார்த்ததாக அர்த்தம்.

மெல்போர்னில் குளிர் வாட்டிக்கொண்டிருந்த ஆகஸ்ட் மாதத்தில் போனோம். கணவர், இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா. வடக்கே அது மழையில்லாத பருவம், இதமான வெயில்.

கெய்ர்ன்ஸைத் தாண்டியதும் கேப்டன் குக் நெடுஞ்சாலை கடலை ஒட்டிக்கொள்கிறது. வலப்பக்கம் பவளக் கடல், இடப்பக்கம் நேராக எழும் மலை. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஆண்களை வைத்து, பெரும்பாலும் கைக்கருவிகளால் வெட்டிய சாலை இது. 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயல் கொட்டிய மழையில் பல இடங்களில் சரிந்து, நெடுநாள் பழுதுபார்க்கப்பட்டது. ரெக்ஸ் லுக்அவுட் என்ற மேட்டில் கட்டாயம் நிறுத்துங்கள். அங்கிருந்து பார்த்தால் கடலில் பெரிய அலையே இல்லை. தொலைவில் நிற்கும் பவளத்திட்டு அலைகளின் வேகத்தை வாங்கிக்கொண்டுவிடுகிறது.

மாஸ்மன் ஊரை நெருங்கியதும் இரு பக்கமும் கரும்பு. விழுப்புரம் பக்கம் காலமெல்லாம் கரும்பு பயிரிட்ட அப்பா, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். தோகையைத் தடவிப் பார்த்தார், கணுக்களை எண்ணினார், மண்ணை விரலால் நசுக்கினார். வயல்களின் ஓரமாக ஓடிய குறுகிய தண்டவாளத்தைப் பார்த்து, "இதில்தான் கரும்பு ஏற்றுவார்களா?" என்று வியந்தார். 1890களில் எழுந்த மாஸ்மன் ஆலை 2024-இல் மூடப்பட்டுவிட்டதைச் சொன்னேன். அடுத்து வந்த பருவத்தில் கரும்பைத் தொலைவிலுள்ள வேறோர் ஆலைக்கு லாரியில் ஏற்றிச் சென்றார்கள் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. "வெட்டிய கரும்பு ஒரு நாள் கிடந்தாலும் எடை குறையும், சர்க்கரையும் குறையும். பாவம் அம்மா இந்த விவசாயிகள்" என்றார். அன்று மாலை வரை அதே பேச்சுதான்.

மாஸ்மன் பள்ளத்தாக்கில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான கூகு யலாஞ்சி மக்களே காட்டுக்குள் அழைத்துச் செல்கிறார்கள். முதலில் பச்சிலைப் புகையைச் சுற்றி நடக்க வேண்டும். அது அந்த மண்ணிடம் பெறும் அனுமதி. வழிகாட்டி ஓர் இலையைப் பறித்து, தண்ணீர் விட்டுக் கசக்க, கை நிறைய நுரை. நம் சீயக்காய் போல என்று அப்பா சிரித்தார். பிள்ளைகளின் சட்டையில் மாட்டிக்கொண்ட முள்கொடியைக் காட்டி, "இது பிரம்பு" என்று பெயர் சொன்னதும் அவர்தான். நம் பிரம்பும் அதுவும் ஒரே பேரினம். 2021 செப்டம்பரில் டெயின்ட்ரீ தேசியப் பூங்கா உட்பட 1,60,000 ஹெக்டேருக்கும் மேலான நிலம் கிழக்கு கூகு யலாஞ்சி மக்களிடமே திருப்பித் தரப்பட்டது. அந்த உரிமை நம்மை அழைத்துச் செல்பவரின் நடையிலேயே தெரிகிறது. இந்த நடைக்குத் தரும் கட்டணத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

டெயின்ட்ரீ ஆற்றில் கடலோரக் காட்டுக்குப் போகப் பாலம் கிடையாது. கம்பிவடத்தில் இழுபடும் மிதவைப் படகில் காரோடு கடக்க வேண்டும். சில நிமிடங்கள்தான். மறுகரையில் ஊர் மின்கம்பிகள் இல்லை. வீடுகளும் விடுதிகளும் சூரியத் தகடுகளையும் ஜெனரேட்டர்களையும் நம்பியிருக்கின்றன. கைபேசியும் பல இடங்களில் எடுக்காது. பெட்ரோலை முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இரவில் அந்தக் காடு எழுப்பும் சத்தத்துக்காகவே நான் மறுபடி போவேன். தவளைகள், பூச்சிகள், எங்கோ பழம் விழும் ஓசை. பிள்ளைகள் தூங்க மறுத்துத் தாத்தாவோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

விடிந்ததும் மார்ஜா மரநடைபாதைக்குப் போனோம். ஆளுயரப் பலகை வேர்கள், விசிறிப் பனைகள், போகப்போக உவர்நீரும் அலையாத்தி மரங்களும். இந்தப் பகுதியில் 1971-இல் காரணம் தெரியாமல் செத்த மாடுகளின் வயிற்றில் இருந்த விதைகளால்தான், அழிந்துவிட்டதாக எண்ணிய இடியோஸ்பெர்மம் என்ற மரம் இன்னும் உயிரோடிருப்பது தெரியவந்தது. பூக்கும் தாவரங்களில் மிகப் பழைய வம்சங்களில் ஒன்று அது. மகள் இந்தக் கதையை மூன்று முறை சொல்லச் சொன்னாள்.

திரும்பும் வழியில் கணவர் சட்டென்று வண்டியை மெதுவாக்கினார். சாலையோரத்தில் காசோவரி என்ற, பறக்காத பெரிய பறவை. நீலக் கழுத்து, தலையில் கொம்புபோல் ஒரு கவசம், பின்னால் கோடு போட்ட குஞ்சுகள். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆண் பறவைதான். வேறு எந்தப் பறவையாலும் விழுங்க முடியாத பெரிய பழங்களை இது விழுங்கி, விதைகளைக் காடெங்கும் போட்டுச் செல்கிறது. வேகமாக வரும் கார்களில் அடிபட்டுச் சாவதும் இதுதான். வேகத்தடைகளையும் எச்சரிக்கைப் பலகைகளையும் தயவுசெய்து மதியுங்கள். காரைவிட்டு இறங்காதீர்கள், தீனி போடாதீர்கள்.

கேப் டிரிபுலேஷனில் காடு மணல் வரை வந்து நிற்கிறது. மரநிழலில் நின்றபடியே கடலைத் தொடலாம். ஒருபுறம் 1988-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான மழைக்காடு, மறுபுறம் 1981-இல் அறிவிக்கப்பட்ட பெரும் பவளத்திட்டு. 1770 ஜூனில் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல் இந்தக் கடலில்தான் பவளப்பாறையில் மோதியது. டிரிபுலேஷன் என்றால் துன்பம்; தம் துன்பங்கள் தொடங்கிய இடம் என்று அவர் இந்த முனைக்கு இப்பெயரை வைத்தார். தண்ணீரைக் கண்டதும் மகன் ஓடினான், பிடித்து நிறுத்தினோம். உவர்நீர் முதலைகள் ஆண்டு முழுவதும் உண்டு. நவம்பர் முதல் மே வரை கொடிய ஜெல்லி மீன்களும் சேர்ந்துகொள்ளும். கரையில் அதற்காகவே வினிகர் பாட்டில் வைத்திருக்கிறார்கள்.

சற்று வடக்கே தார்ச்சாலை முடிந்து புளூம்ஃபீல்டு மண்பாதை தொடங்குகிறது. 1983, 84 ஆண்டுகளில் இந்தப் பாதைக்காகக் காட்டை வெட்ட வந்த புல்டோசர்களின் முன்னால் மக்கள் நின்று மறித்தார்கள். பாதை போடப்பட்டது, ஆனால் நாடு முழுவதும் எழுந்த அந்தப் பேச்சு, 1988 அறிவிப்புக்கு வலு சேர்த்தது. நான்கு சக்கர இயக்க வண்டி இல்லாமல் அதில் போகக் கூடாது. எங்கள் வாடகை காருக்கு அனுமதியும் இல்லை. அப்பா இறங்கிப் பாதையைக் கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு வந்தார். வடக்கே குக்டவுன் ஊர் வரை இந்தப் பாதையில் போவதற்கு, அடுத்த ஆண்டு மழைக்காலம் முடிந்ததும் வருவதாகப் பேசிவைத்திருக்கிறோம்.