அமெரிக்கர் கார் வாங்காத ஆண்டில், ஸ்காபரோவில்

கனடாவுக்கு வந்து இறங்கும் ஒருவருக்குச் சொந்தக்காரர் சொல்லித்தரும் பாடங்கள் ஏராளம். எந்தக் கடையில் குளிர்ச்சட்டை மலிவு, வேலைக்குச் சேரத் தேவையான சின் கார்ட் எடுக்க எங்கே போவது, எந்த டெலிபோன் கொம்பனிக்காரன் வீட்டுக் கதவைத் தட்டினாலும் கையெழுத்து வைக்கக் கூடாது என்று எல்லாம் சொன்னார்கள். மாதத்தின் முதல் வாரத்தில் பேப்பரின் வணிகப் பக்கத்தில் கார் விற்பனைக் கணக்கு வரும், அதைப் பார் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதிலும் கனடாவின் கணக்கைத் தாண்டி அமெரிக்காவின் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதை நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

நான் வந்தது 2007 இலையுதிர் காலத்தில். என் கணவர் எனக்கு முன்னமே வந்து ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் இருந்தார். அப்போது தமிழ்ச்சனம் கூடிய இடமெல்லாம் ஒரே கதை: கனடிய டொலர் அமெரிக்க டொலருக்குச் சமமாக வந்துவிட்டது. முப்பது ஆண்டுகளில் காணாத காட்சியாம். சனி ஞாயிறில் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தார்கள். அதே கார் அங்கே பல ஆயிரம் டொலர் குறைவு என்று காரையே வாங்கி எல்லை தாண்டி ஓட்டி வந்தவர்களும் இருந்தார்கள். வேகமானி மைலில் காட்டும், பகலிலும் எரிகிற முன்விளக்கு இல்லாவிட்டால் பொருத்த வேண்டும், இறக்குமதிப் பதிவுக்கும் பரிசோதனைக்கும் அலைய வேண்டும். அப்படியிருந்தும் ஒரு கல்யாண வீட்டில் ஒரு மாமா தன் புதுக் காரைச் சுற்றி நின்றவர்களுக்கு இலாபக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டின் கடைசியில் கனடிய டொலர் 80 அமெரிக்க சதத்துக்கு இறங்கியபோது அந்தக் கதை அப்படியே நின்றுபோனது.

பக்டரிகளுக்குத் தற்காலிகமாக ஆள் அனுப்பும் ஏஜென்சி ஊடாக எனக்கு முதல் வேலை கிடைத்தது காருக்குப் பிளாஸ்டிக் உதிரிப்பாகம் செய்யும் ஒரு பக்டரியில். அச்சு மெஷினில் இருந்து சூட்டோடு விழும் துண்டை எடுத்து, ஓரத்துப் பிசிறைக் கத்தியால் வழித்து, கீறல் உண்டா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். என் வரிசையில் ஒரு பிலிப்பீனோ அக்கா, ஒரு கயானாக்காரி, இரண்டு பஞ்சாபிப் பெண்கள், மற்றவர்கள் எங்கடை ஆட்கள். பெட்டிகள் அன்றைக்கே ட்ரக்கில் ஏறிவிடும். கார் பொருத்துகிற பெரிய பக்டரிகள் உதிரிப்பாகத்தைச் சேமித்து வைப்பதில்லை, தேவையான மணித்தியாலத்துக்குத் தேவையான அளவைத்தான் எடுக்கும். அதனால் எங்கோ ஒரு ஊரில் ஆள் கார் வாங்காமல் விட்டால் சில கிழமைக்குள் எங்கள் மெஷின் நிற்கும். இது எனக்கு விளங்கப் பல மாதம் ஆனது.

2008 கோடையில் பெற்றோல் விலை ஏறியது. அமெரிக்காவில் ஆனி (ஜூன்) மாதம் ஒரு கலன் 4 டொலரைத் தாண்டியது. பெரிய ட்ரக்குகளும் எஸ்.யு.வி.களும் விற்காமல் தேங்கின. புரட்டாதியில் லீமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. அதன் பிறகு வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் சூப்பர்வைசர் பெயர் வாசிக்கத் தொடங்கினார். வாசித்தால் அடுத்த கிழமை வேலை உண்டு. வாசிக்காவிட்டால் ஏஜென்சி கூப்பிடும் வரை வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

எனக்குக் குழப்பமாக இருந்த விஷயம் வேறு. பஸ்ஸில் போகும் வழியில் கார் டீலர் கடைகளில் ஆட்கள் நின்றார்கள். எங்கள் கட்டிடத்திலேயே இரண்டு குடும்பம் புதுக் கார் எடுத்தது. தொலைக்காட்சியும் பேப்பரும் கனடாவின் கார்ச் சந்தை தாக்குப்பிடிக்கிறது என்றன. பிறகு ஏன் எனக்கு வேலை இல்லை?

பதில் அமெரிக்காவின் மிச்சிகனில் இருந்து வந்தது. பெரியம்மாவின் மகன் ஒருவர் டிட்ரோயிட்டுக்குப் பக்கத்துப் புறநகரில் இருந்தார். கார் உதிரிப்பாகம் வடிவமைக்கும் கொம்பனியில் எஞ்சினியர். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார்.

"எடி பிள்ளை, இஞ்சை ஒருத்தரும் கார் வாங்கேல்லை. ஆசை இல்லாமல் இல்லை. பாங்க் காசு குடுக்குதில்லை."

அண்ணா 2005இல் வீடு வாங்கினவர். விலை ஏறிய வீட்டின் மேல் இரண்டாம் கடன் எடுத்து ஒரு பிக்அப் ட்ரக்கும் வாங்கினார். அவருடைய தெருவில் பலர் அப்படித்தான் செய்தார்களாம். அமெரிக்கர் அந்தக் காலத்தில் வாங்கிய கார்களில் கணிசமானவை வீட்டுச் சுவரில் இருந்து வந்தவை என்று அவர் சொல்வார். வீட்டு விலை விழுந்ததும் சுவர் வறண்டது. கார்க் கடன் கொடுத்து வந்த நிதிக் கொம்பனிகளுக்கும் காசு புரளவில்லை. கிறைஸ்லரின் நிதிப்பிரிவு 2008 ஆவணியோடு அமெரிக்காவில் லீஸ் கொடுப்பதையே நிறுத்தியது. 2009 தையில் ஹூண்டாய் ஒரு விளம்பரம் போட்டது: ஒரு வருடத்துக்குள் வேலை போனால் காரைத் திருப்பித் தரலாம். வேலை போகும் என்ற பயத்தையே விற்பனைப் பேச்சாக்கிய அந்தக் கெட்டித்தனத்தை அண்ணா சிரித்துச் சிரித்துச் சொன்னார். அந்தச் சிரிப்பில் பாதி பயம்தான்.

பிறகு நான் கணக்குகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். ஊரில் படித்தது வணிகவியல், வேலையில்லாத நாட்களில் அது வேறு எதற்கு உதவும்? அமெரிக்காவில் 2007இல் விற்ற புது வாகனங்கள் சுமார் 1 கோடி 61 இலட்சம். 2008இல் 1 கோடி 32 இலட்சம். 2009இல் 1 கோடி 4 இலட்சம், 1982க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததே இல்லை. இரண்டே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போனது. கனடாவில் 2007இல் ஏறக்குறைய 16 இலட்சத்து 50 ஆயிரம். 2008இல் எண்ணிக்கை அசையவே இல்லை என்று சொல்லலாம், கடைசி மாதங்களில்தான் சரிவு தொடங்கியது. 2009இல் 14 இலட்சத்து 60 ஆயிரம். அதாவது சுமார் 11 வீத இறக்கம். தெற்கே மூன்றாவது அயல்நாடான மெக்சிக்கோவில் அந்த ஒரே ஆண்டில் நாலில் ஒரு பங்கு போய்விட்டது.

சனத்தொகையோடு பிரித்துப் பார்த்தால் இன்னும் வடிவாகத் தெரியும். 2007இல் ஆயிரம் அமெரிக்கருக்கு 53 புது வாகனம், ஆயிரம் கனடியருக்கு 50. கிட்டத்தட்ட ஒரே குணம். 2009இல் அங்கே 34, இங்கே 43. குளிர், தெரு, கடை, சம்பளம் எல்லாம் ஒரே மாதிரியான இரண்டு நாட்டில் இந்த வித்தியாசம் வந்தது கடன் கொடுத்த கையால்தான் என்று நான் நினைக்கிறேன். கனடாவின் பெரிய வங்கிகளில் ஒன்றுகூட விழவில்லை. வீட்டு விலையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட முற்பணமாகக் கட்ட முடியாதவர் அடமானக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் இங்கே முதலே இருந்தது. கனடியர் சிக்கனக்காரர், அமெரிக்கர் ஊதாரி என்று எங்கடை ஆட்கள் சொல்லும் விளக்கத்தை நான் ஏற்பதில்லை. கடன் கிடைத்த இடத்தில் எங்கடை ஆட்கள் எப்படி வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் என் கேள்விக்கு இந்தக் கணக்கில் பாதி விடைதான் இருந்தது. மற்றப் பாதி, கனடா எவ்வளவு கார் செய்தது என்ற வேறொரு கணக்கில் இருந்தது. 2007இல் இங்கே உற்பத்தியான வாகனங்கள் 25 இலட்சத்துக்கு மேல். 2009இல் 15 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் செய்த கார்களில் மிகப் பெரும்பகுதி எல்லை தாண்டிப் போய்விடும். இங்கே விற்பவற்றில் பெரும்பகுதி அங்கேயிருந்தும் ஜப்பான், கொரியாவிலிருந்தும் வருபவை. எங்கள் கட்டிடத்தில் புதுக் கார் வந்ததால் எனக்கு ஒரு மணித்தியால வேலையும் அதிகமாகவில்லை. அமெரிக்காவில் யாரோ ஒருவர் வாங்காமல் விட்டது என் பெயர் வாசிக்கப்படாத வெள்ளிக்கிழமையாக வந்து சேர்ந்தது. கார் வாங்குகிறவர்களின் நாடாகக் கனடா தப்பியது, கார் செய்கிறவர்களின் நாடாகத் தப்பவில்லை. டிட்ரோயிட்டுக்கு நேர் எதிரே ஆற்றின் இக்கரையில் இருக்கும் வின்சர் நகரம்தான் 2009இல் நாட்டிலேயே வேலையின்மை கூடிய நகரமாக இருந்தது.

வேலை போனால் ஈ.ஐ., அதாவது வேலையிழந்தவருக்கு அரசு தரும் காப்புறுதிக் காசு, கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்போதைய சட்டப்படி புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முந்திய ஓராண்டில் 910 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும் என்பதைப் படிவம் நிரப்பும்போதுதான் சொன்னார்கள். இடைவேளைகளில் பெண்கள் சம்பளத் துண்டுகளைப் பரப்பி மணித்தியாலம் கூட்டினார்கள். கயானாக்காரி 900ஐத் தாண்டி நின்றாள். அவளுக்காக ஒரு பஞ்சாபிப் பெண் தன் ஒரு ஷிப்டை விட்டுக்கொடுத்தாள். நிரந்தர வேலைக்காரருக்கு வேலைப்பகிர்வுத் திட்டம் வந்தது: கிழமைக்கு மூன்று நாள் வேலை, மிச்ச நாளுக்கு ஈ.ஐ.யில் ஒரு பங்கு. ஏஜென்சி ஆட்களான எங்களுக்கு அது இல்லை. எங்களுக்கு வந்தது சம்பள உயர்வு. 2009 பங்குனிக் கடைசியில் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 8.75 டொலரில் இருந்து 9.50 ஆனது. வேலை இல்லாத கையில் முக்கால் டொலர் கூடியது.

வன்னியில் போர் உச்சத்தில் இருந்த அந்தச் சித்திரை வைகாசியில் எங்கடை ஆட்கள் ஒருவருக்கும் கார்க் கணக்குப் பார்க்கிற மனம் இருக்கவில்லை. வேலை உள்ளவர்களும் இல்லாதவர்களும் ரொறன்ரோ வீதிகளில் நின்றோம். வைகாசி (மே) 10ஆம் திகதி கார்டினர் நெடுஞ்சாலையை மறித்தபோது நின்றுபோன வாகன வரிசையைப் பார்த்தேன். கார் என்ற பொருள் அன்றைக்கு எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஆனி (ஜூன்) 1ஆம் திகதி ஜெனரல் மோட்டர்ஸ் வங்குரோத்து மனுப் போட்டது. கனடா அரசும் ஒன்ராறியோ அரசும் அமெரிக்க அரசோடு சேர்ந்து காசு கொடுத்து, புதுக் கொம்பனியில் சுமார் 12 வீதப் பங்கை எடுத்தன. அதற்கு முந்திய மாதமே ஒஷாவாவில் அவர்களுடைய ட்ரக் பக்டரியை மூடிவிட்டார்கள்.

ஆடிக் கடைசியில் பக்டரியில் இருந்து போன் வந்தது. இரவு ஷிப்ட், சனிக்கிழமையும் வர முடியுமா? நான் நம்பவில்லை. காரணத்தை அண்ணாதான் சொன்னார். பெற்றோல் குடிக்கிற பழைய வாகனத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சிக்கனமான புதுக் கார் வாங்கினால் அமெரிக்க அரசு 3,500 அல்லது 4,500 டொலர் தரும். ஒதுக்கிய 100 கோடி டொலர் ஒரு கிழமை அளவில் முடிந்து, பாராளுமன்றம் இன்னும் 200 கோடி கொடுத்தது. ஆவணி (ஓகஸ்ட்) 24இல் மூடும் முன் ஏறக்குறைய ஆறே முக்கால் இலட்சம் வாகனம் போனது. கொடுத்த பழைய வாகனத்தின் எஞ்சினில் இருந்து எண்ணெயை வடித்துவிட்டுச் சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி, அது இறுகிச் சாகும் வரை ஓடவிடுவார்களாம். ஓடக்கூடிய வண்டியை இப்படிக் கொல்வதை யாழ்ப்பாணத்தில் என் ஐயா கேட்டிருந்தால் பொறுத்திருக்கமாட்டார். 1950களின் மொரிஸ் மைனரை மண்ணெண்ணெயில் ஓடவைத்த ஊர் அது.

வேடிக்கை என்னவென்றால் அந்த அமெரிக்கக் காசில் ஒரு பகுதி ஒன்ராறியோவுக்கு வந்தது. அங்கே அந்தத் திட்டத்தில் கூட விற்ற கார்களில் முன்னுக்கு நின்றவை கொறோலாவும் சிவிக்கும். அப்போது கொறோலாவை ஒன்ராறியோவின் கேம்பிரிட்ஜிலும் சிவிக்கை அலிஸ்டனிலும் செய்தார்கள். இரண்டுமே ஸ்காபரோவில் இருந்து கார் ஓட்டத் தூரம். அதே நேரம் கனடா அரசும் பழைய காருக்கு ஒரு திட்டம் வைத்திருந்தது: 1995 அல்லது அதற்கு முந்திய காரைக் கொடுத்தால் 300 டொலர், அல்லது பஸ் பாஸ், அல்லது சைக்கிளுக்குக் கழிவு. எங்கள் வரிசையில் இதைச் சொன்னபோது பிலிப்பீனோ அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் கத்தியைக் கீழே வைத்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் நாங்களும் கார் எடுத்தோம். டீலர் வட்டியில்லாத் தவணை என்றார், 72 மாதம் என்றார். இவருக்குப் புதுக் கார் ஆசை. நான் இன்சூரன்ஸ் விலை கேட்டு வரச் சொன்னேன். புது லைசன்ஸ், ஸ்காபரோ தபால் குறியீடு, ஊரில் ஓட்டிய வருடங்கள் கணக்கில் இல்லை. மாத இன்சூரன்ஸ் கார்த் தவணையை மிஞ்சியது. பழைய கொறோலா ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினோம். கதவின் கீழே உப்புத் துரு இருந்தது, எஞ்சின் நல்லது. அதனால் கனடாவின் 2009 விற்பனைக் கணக்கில் நாங்கள் இல்லை.

புரட்டாதியில் அமெரிக்க விற்பனை மறுபடி விழுந்தது, எங்கள் இரவு ஷிப்டும் போனது. அண்ணா மிச்சிகன் வீட்டை வங்கியிடம் விட்டுவிட்டு ரெக்சாஸுக்குப் போனார், ட்ரக்கை மட்டும் கொண்டு போனார். 2010இல் அமெரிக்கர் மெல்ல மெல்லத் திரும்பக் கார் வாங்கத் தொடங்கினார்கள், சுமார் 1 கோடி 16 இலட்சம். எங்கள் மெஷின்கள் திரும்ப ஓடின. முன்பு நிரந்தரமாக இருந்த ஆட்களில் சிலரை அப்போது என் பக்கத்து வரிசையில் கண்டேன், ஏஜென்சி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மணித்தியாலம் 10.25க்கு.