முழங்காலை ஊன்றியிருந்தால் போதும்

2023 அக்டோபர் 7ஆம் தேதி இரவு, ஆட்டம் முடிய 33 நொடிகள் இருந்தபோது, மயாமி பல்கலைக்கழக அணி வென்றுவிட்டது என்ற நிம்மதியில் தேநீர்க் கோப்பையைக் கழுவி வைக்க எழுந்துவிட்டேன். மயாமி 20-17 என்று முன்னிலையில் இருந்தது. பந்தும் அதனிடமே இருந்தது. கடிகாரத்தை நிறுத்த ஜார்ஜியா டெக் அணிக்கு ஒரு டைம்-அவுட்கூட மிச்சமில்லை. அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். இத்தகைய நிலையில் குவார்ட்டர்பேக், அதாவது ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவர், பந்தை வாங்கியதும் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினால் அந்த முயற்சி அத்துடன் முடிந்துவிடும், ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த முயற்சியைத் தொடங்க 40 நொடி அவகாசம் உண்டு. ஆட்டத்தில் எஞ்சியிருப்பதோ அதைவிடக் குறைவு.

பயிற்சியாளர் மரியோ கிறிஸ்டோபலின் அணி முழங்காலை ஊன்றவில்லை; பந்தை ஏந்திக்கொண்டு ஓடியது. ஓடிய மாணவர் தடுப்பாளர்களுக்கு நடுவே விழும்போது பந்து கைநழுவியது. உடல் தரையில் பட்ட பிறகே அது நழுவியது என்று வாதிட்டவர்கள் உண்டு. காணொளியைத் திரும்பப் பார்த்த நடுவர்கள் அதை ஏற்கவில்லை; பந்து ஜார்ஜியா டெக் வசமானது. நான் ஈரக் கையோடு கூடத்துக்கு வந்து நின்றேன். மிச்சமிருந்த 26 நொடிகளில் ஜார்ஜியா டெக் நான்கே முயற்சிகளில் 74 யார்டுகளைக் கடந்தது. அவற்றில் கடைசி 44 யார்டு, தடுப்பாளர்கள் எல்லாரையும் தாண்டி நின்ற கிறிஸ்டியன் லியரிக்கு ஹேன்ஸ் கிங் எறிந்த ஒற்றை எறி. கடிகாரத்தில் ஒரு நொடி இருந்தது. ஜார்ஜியா டெக் 23-20 என்று வென்றது.

பந்தை நழுவவிட்ட மாணவரைத் திட்டியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினார். அன்று எங்கள் குவார்ட்டர்பேக் மூன்று முறை எதிரணியின் கைக்கே பந்தை எறிந்ததைக்கூட நான் பெரிதுபடுத்த மாட்டேன். பொதுவாகப் பயிற்சியாளரைக் குறைசொல்லும்போது எனக்குள் ஒரு தயக்கம் இருக்கும். யாருக்குக் காயம், எதிரணி எப்படி அணிவகுத்தது என்பதெல்லாம் சோபாவில் சாய்ந்திருப்பவனுக்கு எங்கே தெரியப்போகிறது? ஆனால் இது கழித்தல் கணக்கு. அதுவும் முதல் தடவையன்று. 2018இல் கிறிஸ்டோபல் ஆரகன் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக இருந்தபோது, ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக மூன்று புள்ளி முன்னிலையும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமும் இருக்கையில் இதேபோல் ஓடப்போய், இதேபோல் பந்து நழுவி, கூடுதல் நேரத்தில் 38-31 என்று தோற்றார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை ஐந்து ஆண்டுகள் கழித்து வேறோர் ஊர் அடுப்பைத் தேடிப் போயிருக்கிறது.

ஆட்டம் முடிந்தபின் முழங்காலை ஊன்றச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை மதிக்கிறேன், ஆனால் ஆத்திரம் அதனால் அடங்கவில்லை. தலைமைப் பயிற்சியாளர் மறந்தாலும், பக்கத்தில் காதொலிக் கருவியோடு நின்ற அத்தனை உதவியாளர்களில் ஒருவருக்குமா கடிகாரம் கண்ணில் படவில்லை? மறுவாரம் நார்த் கரோலினாவிடம் 41-31 என்று தோற்றபோது எனக்கு இதில் பாதிக் கோபம்கூட வரவில்லை. அது ஆடித் தோற்ற ஆட்டம்.