பத்துக்கு ஏழு

“மின்சாரமும் போனும் தானாக ஒழியாது. ஒழித்துக்கட்ட வேண்டும்.” பிளஸ் டூ பையன் கொடுத்த அசைன்மெண்டின் கடைசி வரி இது. பேனாவை அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கம்வரை பதிந்திருந்தது.

ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“எப்படிடா ஒழிப்பே?”

“காந்தி ரயிலே வேண்டாம்னு சொன்னார்னு நீங்கதானே சார் நடத்தினீங்க?”

“அவர் தண்டவாளத்தைப் பெயர்க்கச் சொல்லலையே.”

“நான் சொன்னேனா?”

சொல்லவில்லைதான். ரயில், வக்கீல், டாக்டர் மூன்றையும் காந்தி 1909இல் சாடியதை நடத்தியவன் நான். 1975 ஏப்ரலில் கம்போடியாவில் புனோம் பென் நகரத்தையே காலிசெய்து மக்களை வயலுக்கு விரட்டிய கெமர் ரூஜையும் நடத்தினேன். அதன் தலைவர் போல் பாட் பாரிசுக்கு ரேடியோ எலக்ட்ரானிக்ஸ் படிக்கப் போனவர் என்றதும் வகுப்பே சிரித்தது. அவருக்கும் காந்திக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்று சொன்னேனா? ஞாபகமில்லை.

“போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லி வைங்க” என்றார் சக ஆசிரியர். கேரளத்து அட்டப்பாடியின் மஞ்சக்கண்டி காட்டில் 2019 அக்டோபரில் நான்கு மாவோயிஸ்டுகள் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு இங்கே இப்படிச் சொல்வது சகஜம். மாவோயிஸ்டுகள் கரண்ட்டே வேண்டாம் என்பவர்கள் இல்லை, அது வேறு கணக்கு. விசாரிக்க வருகிறவர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் எதற்கு?

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. தொழில்நுட்பமே கூடாது என்று 1978 முதல் 1995 வரை குண்டு அனுப்பி மூன்று பேரைக் கொன்ற அமெரிக்கர் டெட் கசின்ஸ்கி, கணிதம் கற்பித்தவர். அவருடைய நீண்ட அறிக்கை பத்திரிகையில் வந்ததும், நடையை வைத்துச் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தது சொந்தத் தம்பி. ஆனால் தம்பி வாய் திறந்தது கொலைகள் நடந்த பிறகு. என் கையில் இருந்தது ஒரு அசைன்மெண்ட்.

பத்துக்கு ஏழு போட்டேன். ‘வழிமுறையை விளக்கவில்லை’ என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு வேறு. அதைப் படித்து அவன் என்ன நினைத்திருப்பான்?

ஸ்டேஷனுக்குப் போகவில்லை. சின்னப் பையன் பேர் அந்த நோட்டில் ஏறினால் இறங்காது. கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். ஆனால் அவன் அப்பா கடை வைத்திருக்கிறார், எனக்குப் பழக்கமான குடும்பம். அதே வரியைக் காட்டோர ஊரிலிருந்து வரும் இருளர் பையன் எழுதியிருந்தால்? நாளைக்கு ஏதாவது நடந்தால் என் தலையில்தான் விடியும் என்று பயந்து, சக ஆசிரியர் சொல்வதற்கு முன்பே நான் போன் போட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.