கூடுதல் ஒரு மணி நேரத்துக்கு நாங்கள் பட்ட பாடு

என் மகனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் திணற வைக்கும் கற்றல் குறைபாடு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ‘சொல்வதை எழுதுபவர்’, கூடுதல் ஒரு மணி நேரம் இரண்டுக்கும் ஆணை வாங்கிவிட்டோம். தேர்வும் எழுதி முடித்துவிட்டான். ஆனாலும் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அடுத்த வருஷம் இதே வழியில் அலையப்போகும் பெற்றோருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் இடி பள்ளிக்கூடத்திலேயே விழுந்தது. ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியர் கூப்பிட்டார். “பையன் நல்ல பையன்தான்மா. பேசாம டிசி வாங்கிட்டு ஐடிஐல சேர்த்துடுங்க. அவனுக்கும் டென்ஷன் இல்ல, நமக்கும் இல்ல” என்றார். அந்த ‘நமக்கும்’ எங்கிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் நூறு என்று வாசலில் பேனர் கட்டும் பள்ளி அது. எழுதத் திணறுகிற பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு கழற்றிவிட்டால் நூறு தன்னால் வந்துவிடும்.

இந்த மாதிரிப் பேச்சு வந்தால் வாயால் பதில் சொல்லாதீர்கள். “நீங்க சொன்னதை எழுத்துல கொடுங்க சார், வீட்ல கலந்து பேசுறோம்” என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்டேன். அதன் பிறகு டிசி பேச்சே எழவில்லை.

அடுத்தது சான்றிதழ். முதலில் தனியார் மையம் ஒன்றில் நல்ல பணம் கட்டிச் சோதனை செய்து, தடிமனான அறிக்கை வாங்கி வைத்திருந்தோம். பிள்ளையைப் புரிந்துகொள்ள அது உதவியது. தேர்வுச் சலுகைக்கு அது போதாது, அரசு மருத்துவரின் சான்றிதழ்தான் வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பள்ளி மாணவர்களுக்கு வட்டார அளவில் நடக்கும் மருத்துவ முகாமுக்குப் போனோம். எலும்பு மருத்துவர் வந்திருந்தார், கண், காது மருத்துவர்கள் வந்திருந்தார்கள். எங்களுக்கு வேண்டிய மனநல மருத்துவர் மட்டும் வரவில்லை. மதியம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். பதிவு மேசையில் இருந்தவர் என் மகனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டார். 1995 சட்டத்தில் ஊனத்தின் வகைகள் ஏழுதான், கற்றல் குறைபாடு அதில் கிடையாது. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கி, இதையும் சேர்த்தது. அந்த மேசைக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போல.

முகாமுக்குக் கிளம்பும் முன் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியருக்கு போன் போட்டு, எந்த மருத்துவர் வருகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்தச் சிறப்பாசிரியர்தான் கடைசிவரை கை கொடுத்தார். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் உளவியல் சோதனை எல்லா நாளும் நடக்காது, எந்தக் கிழமை வர வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். பார்வையும் கேட்கும் திறனும் சரியாக இருக்கின்றன என்று காட்டும் பரிசோதனைத் தாள்களைக் கையோடு கொண்டுபோங்கள். அவை இல்லாமல் ஐக்யூ சோதனைக்கே உட்கார வைக்கவில்லை. சான்றிதழை எட்டு வயதில் வாங்கியிருந்தாலும் பதினாலு வயதில் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு நெருங்கும் வயதும் அதுதான், அதனால் எட்டாம் வகுப்பு முடியும்போதே ஆரம்பித்துவிடுவது நல்லது.

சான்றிதழ் வந்தது. இனிச் சுலபம் என்று நினைத்தால், அங்கேதான் கிளார்க். கல்வி அலுவலகத்தில் ஃபைலைப் புரட்டியவர் போட்டோ ஒட்டிய இடத்தில் விரலை வைத்தார். டாக்டரின் சீல் முழுவதும் தாளில்தான் விழுந்திருந்தது, போட்டோவைத் தொடவே இல்லை. “பாதி போட்டோ மேல, பாதி பேப்பர் மேல விழணும்மா. இல்லன்னா வேற யார் படத்தையும் ஒட்டிக்கலாம்ல?” நியாயம்தான். ஆனால் அந்த அரை அங்குலத்துக்காக மறுபடி பஸ் ஏறி, மறுபடி ஓபி சீட்டு வாங்கி, மறுபடி வரிசையில் நின்றேன். போய்விட்டு வந்தால் அடுத்தது: ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவான எமிஸில் முன்னால். சீல் விவகாரத்தின்போதே இதையும் சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, “அப்போ அது கண்ல படலை” என்றார். மருத்துவமனையில் கவுண்டரை விட்டு நகரும் முன்பே சீல், கையெழுத்து, பதிவு எண், பெயர் நான்கையும் பார்த்துவிடுங்கள்.

மொழிப்பாட விலக்கும் கேட்கலாமே என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் கேட்கவில்லை. நாளைக்கு அரசு வேலைத் தேர்வுக்குப் போனால் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது. தமிழைச் சொல்லி எழுத வைக்க அவனால் முடியும் என்று எங்களுக்குத் தோன்றியது. சில பிள்ளைகளுக்கு அந்த விலக்குதான் உயிர்நாடி. வீட்டில் உட்கார்ந்து யோசித்து முடிவெடுங்கள்.

அலுவலகத்தை விட ஆசிரியர் அறைதான் என்னைச் சோர வைத்தது. “ஒருத்தனுக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடக் கொடுத்தா மத்த பிள்ளைங்களுக்கு அநியாயம் இல்லையா?” என்று கணக்கு டீச்சர் கேட்டார். கெட்டவர் இல்லை, உண்மையாகவே அப்படி நம்பினார். 2016 சட்டத்தின் 17ஆம் பிரிவை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடுதல் நேரம், எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் திருப்புதல் தேர்வில் அவனுக்காக எழுத உட்கார்ந்தது அவரேதான்.

அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் ஆணை கையில் இருந்தும் பயன் இல்லை. சொல்லி எழுத வைப்பது தனி வித்தை. முதல் நாள் இவன் “எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் ஐந்து எக்ஸ்” என்று மளமளவென்று ஓட, டீச்சர் பேனாவோடு திணற, பாதி வினாத்தாள் அப்படியே நின்றது. பிறகு ஒரு வரி சொல்வது, அவர் எழுதி முடிக்கும் வரை காத்திருப்பது, அடைப்புக்குறி எங்கே திறக்கிறது எங்கே மூடுகிறது என்பதையும் சொல்வது என்று பழகினான். பள்ளித் தேர்வுகளிலேயே இந்த வசதியைக் கேட்டு வாங்குங்கள்.

பொதுத்தேர்வு சிக்கலில்லாமல் நடந்தது. தனி அறை, எழுதுவதற்கு ஒரு ஆசிரியர், நேரமும் முழுசாகக் கிடைத்தது.

போன வாரம் அதே தலைமையாசிரியர் போன் செய்தார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளைக்கு இதே பிரச்சினையாம். எங்கே, எந்தக் கிழமை போக வேண்டும் என்று அவள் அம்மாவிடம் சொல்ல முடியுமா என்று கேட்டார். டிசியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கிளறவில்லை. அந்த அம்மாவிடம் முதலில் சொன்னது போட்டோ சீலைத்தான். இரண்டாவதாக, எல்லாத் தாளுக்கும் மூன்று நகல் எடுத்து வைக்கச் சொன்னேன். பிளஸ் டூவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், எங்கள் ஃபைல் இன்னும் அலமாரியின் மேல்தட்டில்தான் இருக்கிறது.